பித்தளை வலை

கோட்டைப்பட்டினத்தில் வாடகை அறை ஒன்றில், கஞ்சிப்பாசி என்ற கடற்பாசியின் வித்துகளைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்துவந்தாள் அறிவுமதி. பெயரிலேயே அறிவும் இருந்தது, மதியும் இருந்தது. தனியாக வேறு யோசிக்க வேண்டுமா என்று அவளுக்கு ஓர் எண்ணம். கடல்நீரில் செம்பு கலந்தால் இளம் பாசி என்னாகும் என்பது ஆராய்ச்சி. சில தட்டுகளில் செம்பு கலந்தாள்; மற்றவற்றில் வெறும் கடல்நீர்.

எல்லாமே வெளுத்துச் செத்தன. செம்பு கலக்காத தட்டுகளும்தான்.

வேறொருத்தி தன் கையைச் சந்தேகப்பட்டிருப்பாள். அறிவுமதி கடலைச் சந்தேகப்பட்டாள். விசைப்படகுகளின் அடியில் பூசும் பெயிண்டில் செம்பு உண்டு. ஆகவே கடலே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, மிதவையில் பாசி வளர்க்கும் மருதாயியிடம் சொல்லியும்விட்டாள். அந்த வருஷம் மருதாயிக்கு விளைச்சல் மோசம். நேரே போய், விசைப்படகு வைத்திருக்கும் கொழுந்தன் ஆண்டிச்சாமியிடம் சண்டை போட்டாள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. ஆராய்ச்சி மக்களைச் சென்றடைகிறது என்று அறிவுமதிக்கு உள்ளூரப் பெருமை.

ஒரு காலையில், கடல்நீரை வடிகட்டும் புனலைக் கழுவும்போது அதன் வலையில் பச்சைக் களிம்பைக் கண்டாள். படகுக்கு டீசல் ஊற்றும் புனல். மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கியது. வலை பித்தளை. பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. ஒவ்வொரு தட்டுக்கும் கைப்பட விஷம் ஊற்றியிருக்கிறாள்.

அதே கடல்நீரைத் துணியில் வடிகட்டிப் புதிய வித்துகளை விட்டாள். அவை தட்டில் ஒட்டி, சிவப்புப் புள்ளிகளாகப் பருத்து, துளிர்விட்டன. சந்தோஷப்படுவதா, ஊரைவிட்டு ஓடுவதா என்று தெரியவில்லை.

மருதாயி கரையில் உட்கார்ந்து கயிற்றில் பாசித் துண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தட்டுல பாசி செத்ததுக்குக் கடல் காரணமில்ல. என் புனல்தான்."

"அப்ப நான் கொழுந்தன ஏசினதெல்லாம்?"

"என்னாலதான்."

"படிச்ச புள்ளையாச்சேன்னு நம்புனேன்."

"நானும் அப்படித்தாங்க்கா நம்பிட்டேன்."

மருதாயி கயிற்றைக் கீழே வைத்தாள். "சரி, எங்க கடல்ல செம்பு இருக்கா, இல்லையா?"

"தெரியலக்கா. ஒரு வலையில கரையிற செம்பே குஞ்சுப் பாசியக் கொன்னுருதுன்னு மட்டும் தெரிஞ்சிருச்சு. கடல்ல எவ்வளவுன்னு இனிமேத்தான் பாக்கணும்."

"அத ஆண்டிச்சாமிகிட்டயும் வந்து சொல்லுங்க."

ஆண்டிச்சாமி முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. "தண்ணி எடுக்க என் படகுலயே வாங்க," என்றார்.

இந்தத் தடவையாவது ஒழுங்காக எடுக்கிறாளா என்று பார்க்க மருதாயியும் ஏறிக்கொண்டாள். கரை மறைவதற்குள் அறிவுமதி வாந்தியெடுத்தாள். அவளுக்கு எலுமிச்சம்பழம் தேடும்போதுதான் மருதாயியும் கொழுந்தனும் மறுபடி பேசிக்கொண்டார்கள்.