ரிப்பன் வைத்துக்கொண்ட முகம்

யோகராஜ் ஐந்தரைக்கு எழுந்தான். பீலித் தண்ணீரில் முகம் கழுவினான். பிளேன்டீ ஊற்றிக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். பிஸ்கட் டின்னைத் திறந்து உள்ளே சின்ன பல்பு எரிகிறதா என்று பார்த்தான். எரிந்தது. அந்தச் சூட்டில் வைத்திருந்த கேமராவை எடுத்து, லென்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்தான். பிடிக்கவில்லை. காலைப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகிறவர்கள் வாளிகளோடு லயத்து வீட்டு வாசலைத் தாண்டிப் போனார்கள். சட்டை போட்டான். தலை சீவினான். பிறகு மேசைக்கு முன் உட்கார்ந்து, அதன் மேலிருந்த இரண்டு பெட்டிகளையும் பார்த்தான். மூன்று நாளாக இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டும் படம் அடிக்கும் மிஷின்கள். மாவனல்லையில் படக்கடை வைத்திருக்கும் முஹ்ஸின் நானா நம்பிக்கையில் கொடுத்துவிட்டது. "ரெண்டையும் கொண்டு போய் அடிச்சுப் பாருங்க தம்பி. ஒண்ட வச்சிட்டு மத்ததத் திருப்பித் தாங்க. எது நல்லம் எண்டு நான் செல்ல மாட்டேன், பொறகு என்னைத்தான் ஏசுவீங்க." சனிக்கிழமை தோட்டத்து மேல்பிரிவான மேக்கணக்கில் ஒரு சடங்கு வீடு. முன்பெல்லாம் படம் எடுத்து, இரத்தினபுரிக்குக் கொண்டுபோய்க் கழுவி, இரண்டு வாரம் கழித்து லயம் லயமாகப் போய்க் கொடுப்பான். அதற்குள் படத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் கொழும்புக்கு வேலைக்குப் போயிருப்பார்கள். இப்போது எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பந்தி முடிந்து கை கழுவும்போதே படம் கையில் வேண்டும்.

அந்த யோசனை முதலில் ஜீவராணிக்குத்தான் வந்தது. அவனுடைய மனைவி. கல்யாண வீடுகளில் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் அவள்தான். யார் யார் நின்றார்கள், எந்த லயம், எத்தனையாவது காம்பரா அறை என்று கொப்பியில் எழுதுபவளும் அவள்தான். எழுதி முடித்ததும் கறுப்புப் பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொள்வாள். போகும்போது அதை எடுக்க மறந்துவிடுவாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு பின்சீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். ஐந்து வருடத்தில் யோகராஜ் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றில் அவளுடைய கை இருந்தது, நிழல் இருந்தது, ஓரத்தில் சேலைத் தலைப்பு இருந்தது. முகம் இல்லை. கேமராவைத் திருப்பினால், "எனக்கு எதுக்கு, ரோலு வீணா போகும்" என்று முகத்தை மூடிக்கொள்வாள். ரோல் இல்லாத கேமரா வாங்கிய பிறகும் அதையேதான் சொன்னாள். போன வருடம் காய்ச்சல் வந்து ஆறே நாளில் போய்விட்டாள். வயது இருபத்தேழு. மரண அறிவித்தலுக்கு அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டார்கள்.

பகல் பன்னிரண்டுக்கு அவளுடைய தாய் கருப்பாயி வந்தாள். வெட்டின பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நேரே வந்திருந்தாள். புளித்த இறப்பர்ப் பால் வாடை அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்தது. தலைமுடி மொத்தமும் நரைத்து, சாக்குத் துண்டுக்குக் கீழே பிதுங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் மூணு வாரத்துல தெவசம் மாப்புள. படத்துக்கு என்ன வழி?"

"அடையாள அட்டையில இருக்கே அத்த. அதையே நல்லா அடிச்சுத் தர்றேன்."

"அது எம்மவ இல்ல. போலீசுக்குப் பயந்த எவளோ. அவளுக்கு மால போட்டு நான் கும்புடணுமா?" அவள் மேசையைப் பார்த்தாள். "ஊரா ஊட்டுப் புள்ளைக்கெல்லாம் நின்ன எடத்துல படம் குடுக்க ரெண்டு மிஷினு. கட்டுனவளுக்கு ஒரு படத்துக்கு வக்கில்ல."

அவள் கதவு நிலையில் கை வைத்து ஒரு நிமிடம் நின்றாள். "போற நேரத்துலயும் அம்மாவப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போனவ," என்றாள் தனக்குத்தானே. பிறகு போனாள்.

அதைச் சொன்னது ஜீவராணி இல்லை. அவன்தான். சாவு வீட்டில் ஆளாளுக்கு வந்து கடைசியாக என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். கருப்பாயி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீவராணி சொன்னது காய்ச்சல் பேச்சு. தலையும் இல்லை, வாலும் இல்லை. அதைப் போய் ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? வாய்க்கு வந்ததைச் சொன்னான். அந்த வாரமே அது ஏழு லயத்துக்கும் பரவிவிட்டது. பிறகு யாராவது அதைத் தன்னிடமே திருப்பிச் சொல்லும்போது உண்மையைப் போலத் தலையாட்டப் பழகிக்கொண்டான்.

அன்று பின்னேரம் முதல் மிஷினை எடுத்து மாட்டினான். மையைத் தெளித்து அடிக்கிற வகை. போன மாதம் எடுத்த பேர்சூட்டுப் படம் ஒன்றை அடித்தான். நிறம் நன்றாக வந்தது. குழந்தையின் கன்னத்துப் பொட்டு கூடத் தெளிவாகத் தெரிந்தது. காய வைத்துவிட்டு அடுத்த பெட்டியைத் திறந்தபோது மழை பிடித்தது. கூரைத் தகரத்தில் எப்போதும் ஒழுகும் ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு, மேசைக்கு இரண்டடி தள்ளி விழ வேண்டியது, காற்றில் சாய்ந்து படத்தில் விழுந்தது. குழந்தையின் கண் கரைந்து கழுத்து வரை இறங்கியது. துடைத்தான். மற்றக் கண்ணும் இறங்கியது. இந்தப் பக்கத்தில் மழை பெய்யாத சடங்கு வீடு கிடையாது.

இரண்டாவது ரிப்பன் மிஷின். ஒரு பாண் துண்டை விடக் கொஞ்சம் பெரிது. நானாவின் கண்ணாடி அலுமாரியில் நெடுநாள் கிடந்தது, உள்ளே பாதி ஓடிய ரிப்பன் கெசட்டோடு. அதே படத்தை அடித்தான். தாள் உள்ளே போய் மஞ்சளாக வந்தது, முகம் என்று சொல்ல முடியாத ஒரு கறை. மறுபடி உள்ளே போனது. சிவப்பு ஏறி, யாரோ வெந்நீரிலிருந்து எழுந்து பார்ப்பது போல வந்தது. மூன்றாம் தடவை நீலத்துக்காக உள்ளே போனதும் பாதியில் நின்றது. சிவப்பு விளக்கு மின்னியது. மிஷினுக்குள் ஏதோ மெல்ல ஓடிக்கொண்டே இருந்தது.

நிறுத்திவிட்டுக் கெசட்டை வெளியே எடுத்தான். ரிப்பன் தொய்ந்திருந்தது. உருளையை விரலால் இறுக்க வேண்டும். அவன் மாற்றிச் சுற்றிவிட்டான். ஓடி முடிந்த ரிப்பன் பாம்புச் சட்டை போல மடியில் அவிழ்ந்து விழுந்தது. அள்ளி எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சம் அதன் ஊடாக வந்தது. அதில் முகங்கள் இருந்தன.

தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன். ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. தாளுக்குப் போன நிறம் ரிப்பனில் இருக்காது. கறுப்பாக அடித்த இடமெல்லாம் இதில் வெறுமையாக நிற்கும். ஒவ்வொரு படத்துக்கும் மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று மூன்று முகங்களை அது வைத்துக்கொள்ளும். நாலாவது, படத்துக்குப் பளபளப்புப் பூசுகிற வெறும் தகடு. அதில் எதுவும் இருக்காது. பேர்சூட்டுக் குழந்தை மஞ்சளில் வெள்ளைத் தலையோடு கிழவனாகப் பார்த்தது. அதற்கு முந்தின நீலத் துண்டை உயர்த்திப் பிடித்தான்.

ஒரு வயதான பெண். நீல முகம். கண்ணின் வெள்ளை இருண்டு, நடுவில் கருவிழி வெள்ளையாக எரிந்தது. தலை முழுக்க நரை. கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து, யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் யோசிப்பது போல, நேரே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ பார்த்த கிழவி என்று நினைத்தான். பிறகு கொண்டையைப் பார்த்தான். அதில் ஒரு வெள்ளைப் பென்சில் செருகியிருந்தது.

எவ்வளவு நேரம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான் என்று தெரியாது. அவளுடைய மூன்று துண்டுகளுக்கும் முந்தின படத்தின் ஓரத்தில் முக்காடு போட்ட பெண்கள் கூட்டமாகத் தெரிந்தார்கள். அதற்கு மேல் அவிழ்க்கவில்லை. நிதானமாகச் சுற்றி வைத்தான். போனுக்கு சிக்னல் கிடைப்பது பால் ஸ்டோருக்குப் பக்கத்துக் கல்லின் மேல் மட்டும்தான். மழை விட்டதும் அங்கே ஏறி நானாவுக்கு எடுத்தான்.

"அது உங்களுக்குத் தெரியாதா தம்பி?" என்றார் முஹ்ஸின். "போன வருச நோன்புக்கு முந்தி உங்கட மிஸிஸ் கடைக்கு வந்தாங்க தானே. கேகால கச்சேரி ஒப்பீஸுக்கு ஏதோ பேர் திருத்த வந்தேன் எண்டு செல்லி, அப்படியே மூணாவது பஸ்ஸும் ஏறி. மிஷின் பார்க்கோணும் எண்டாங்க. அவங்களையே நிப்பாட்டி ஒண்டு அடிச்சுக் குடுத்தேன். அவருக்குச் செல்ல வேணாம், நல்ல நாள் பார்த்துக் காட்டுறேன் எண்டு பையில வச்சிக்கொண்டு போனாங்க."

அந்தப் பை ஆஸ்பத்திரிக்குப் போனது. திரும்பி வரவில்லை.

"ரிப்பன்ல அவங்க இருக்காங்க நானா."

"அதுல எங்கட மருமகள்ட கலியாணமும் இரிக்கி தம்பி. பொம்புளப் பக்கத்துப் படம். ஓடி முடிஞ்ச கெசட் எல்லாத்தையும் எங்கட மிஸிஸ் கைருன்னிஸா எண்ணி எடுத்து அடுப்புல போடுவா, அந்நிய ஆம்புளைகள்ட கையில போகப்படாது எண்டு. இது பாதியில நிண்டதால தப்பியிட்டு. நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கல்ல நானா. எங்க ஆளோட நிப்பாட்டிட்டேன்."

"ஹரி, சரி தம்பி. அப்ப உங்கட துண்ட மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மத்தத நீங்களே எரிச்சிடுங்க. உங்கள நம்புறேன்." பிறகு குரல் இறங்கியது. "அண்டைக்கு அவங்களுக்கும் ரிப்பன இழுத்துக் காட்டினேன், இதுல எல்லாரும் வயசாளி எண்டு பகிடிக்கு. வெளிச்சத்துக்குப் புடிச்சு நல்லாப் பார்த்தாங்க. ஆரு இது எண்டு கேட்டாங்க. நீங்கதான் எண்டேன். சிரிப்பாங்க எண்டு நெனச்சேன். சிரிக்கல்ல."

மறுநாள் காலை மூன்று துண்டுகளையும் வெட்டி எடுத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினான். ஓடிய மீதியைப் பார்க்காமலே அடுப்பில் போட்டு, ஓடாத ரிப்பனை மறுபடி உருளையில் ஒட்டி வைத்தான். கேமராவால் ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, பழைய கம்பியூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிறங்களைத் தலைகீழாக மாற்றினான். வெள்ளைத் தலை கறுத்தது. நீலம் போய் மாநிறம் வந்தது. கருவிழி அதன் இடத்துக்குத் திரும்பியது. இருபத்தாறு வயது ஜீவராணி, நானாவின் கடை வெளிச்சத்தில், பென்சிலோடு. பதினொரு மாதமாக அவன் அழவில்லை. இப்போதும் அழவில்லை.

இதை எதில் அடிப்பது? முதல் மிஷினில் அடித்தால் அவளும் ஒரு மழையில் கரைந்து இறங்குவாள். ரிப்பனில் அடித்தால் படம் கரையாது. ஆனால் அடித்து முடித்த கணத்தில், புதிய துண்டில், நரைத்தவள் மறுபடி வந்து உட்கார்ந்திருப்பாள். எத்தனை பிரதி அடித்தாலும் அத்தனை தடவையும். கெசட்டை எரித்தாலும் அடுத்ததில் வருவாள். யாரோ அறைக்குள் நின்று அவன் முடிவுக்காகக் காத்திருப்பது போல இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. முதல் மிஷினை அதன் பெட்டியில் வைத்து மூடி, கயிறு கட்டினான். பிறகு ரிப்பன் மிஷினைப் போட்டான்.

கருப்பாயி வாசலில் வாளியை வைக்கும் சத்தம் கேட்டது. அவன் கூப்பிடாமலே உள்ளே வந்து நின்றாள். தாள் மஞ்சளாக வெளியே வந்து உள்ளே போனது. சிவப்பாக வந்து போனது. இன்று எங்கும் நிற்கவில்லை. நீலம் ஏறி வந்தபோது அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். நாலாவது தடவை பளபளப்பு ஏறிப் படம் வெளியே விழுந்தது. அவள் கையை முந்தானையில் இரண்டு தடவை துடைத்த பிறகுதான் எடுத்தாள். இறப்பர்ப் பால் காய்ந்த விரல்கள் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தன.

"இந்தப் பென்சில எடுத்துட்டு நிக்கச் சொல்லிருக்கலாம்ல," என்றாள் கடைசியில். "கூறு கெட்ட கழுத." மூக்கைச் சிந்தினாள். நிமிர்ந்தபோது ஜன்னலில் ஒட்டியிருந்த நீலத் துண்டு கண்ணில் பட்டது. பக்கத்தில் போனாள். வெயில் அதன் ஊடாக வந்து அவள் நெற்றியில் நீலமாக விழுந்தது. இரண்டு நரைத்த தலைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒரே நெற்றி, ஒரே தாடை.

"யாரு மாப்புள இது? அப்புடியே என்னையாட்டம்?"

"அவதான் அத்த. மிஷினு அப்புடித்தான் காட்டும்."

சனிக்கிழமைக்கு வைத்திருந்த தாள்களை அவன் அடுக்கினான். அடுக்கினதைக் கலைத்து மறுபடி அடுக்கினான்.

"எம்மவ அம்மாவப் பாத்துக்கங்கன்னு சொல்ற சாதி இல்ல," என்றாள் கருப்பாயி, துண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவளுக்குத் தெரியும் என்னைய நான் பாத்துக்குவேன்னு. நீங்க சொன்னீங்கன்னு நானும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நெசமா என்ன சொன்னா?"

அன்று ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடியப்போகிற மணி அடித்துக்கொண்டிருந்தது. அவன் குனிந்து போர்வையைச் சரிசெய்தான். ஜீவராணி கண் திறந்து, இடப்பக்கம் தலையைச் சாய்த்து, அவனைத் தாண்டி ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தாள். காய்ச்சலில் வெடித்த உதடு. ஆனால் குரல், கொப்பியில் பெயர் எழுதிவிட்டு வாசித்துக் காட்டுகிற அதே குரல்.

அவன் கருப்பாயியிடம் அந்தக் குரலிலேயே சொன்னான்:

"தல நரச்சாலும் நான் நல்லாத்தாங்க இருக்கேன்."