கூழில் பதிந்த கை

சான் ஆற்றங்கரையில் இருந்த அந்தப் போலந்து ஊரில், புனித வாரத்துப் புதன்கிழமையன்று போகுமிலாவின் இறைச்சிக்கடை பூட்டிக் கிடந்தது. அவளிடம் புகையூட்டிய பன்றித்தொடை வாங்கித் தின்ற ஒரு வீட்டில் நான்கு பேர் பேதியும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டார்கள். திங்களன்று சுகாதார நிலையத்து டாக்டர் யாட்விகா வந்தபோது, போகுமிலா தொடை வெட்டக் கத்தியை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை அப்படியே ஒரு தட்டில் இருந்த, கிருமி இருந்தால் வளர்த்துக் காட்டும் சிவந்த கூழில் பதிக்கச் சொன்னாள் டாக்டர். பதித்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. கூழ் சுத்தமாக இருந்தால் ஈஸ்டருக்குக் கடை திறக்கலாம். இல்லையென்றால் இல்லை. புதனன்று டாக்டர் அந்தத் தட்டோடு திரும்பி வந்தாள்.

"என் கடைத் தரையில ரொட்டியை வெச்சுத் திங்கலாம், டாக்டரம்மா."

"தரை சுத்தந்தான். தரையை வித்திருந்தீங்கன்னா யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது."

டாக்டர் தட்டை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள்.

கூழில் ஒரு கை முளைத்திருந்தது. ஐந்து விரல்களும், உள்ளங்கை மேடும், சிறுவயதில் கத்தி பட்ட தழும்பின் இடைவெளியும் அப்படியே இருந்தன. அத்தனையும் புள்ளிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் மையிட்டது போல் ஒரு கருமை. ஆள்காட்டி விரல் நுனியில் மட்டும் அவை இடமின்றி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. போகுமிலா தட்டின்மேல் குனிந்தாள். யாரும் விதைக்காமல், யாரும் பார்க்காமல், இரண்டே நாளில் இத்தனை உயிர். கோயில் கூரையில் வரைந்த வானத்தைப் பார்க்கையில் சிறுமியாக அவளுக்கு வந்த அதே நடுக்கம் இப்போது வந்தது.

டாக்டர் அந்த ஆள்காட்டி விரல் நுனியைச் சுட்டினாள்.

"அந்த விரலால என்ன பண்ணுவீங்க?" என்று டாக்டர் கேட்டாள்.

"உப்புப் பார்ப்பேன். மத்த மாசத்துல சாசேஜுக்கு அரைச்ச கறிக் கலவையைக் கொஞ்சம் பொரிச்சுத் தின்னு பார்ப்பேன். பின்கட்டு அடுப்புக்குப் பக்கத்துலயே குழாய், கையைக் கழுவிட்டுத்தான் வருவேன். தவக்காலத்துல நான் கறி திங்கமாட்டேன். அதனால பச்சையா விரல்ல தொட்டு, நாக்குல வெச்சுத் துப்பிடுவேன். கழுவறதுக்குள்ள கடைக்கு ஆள் வந்துட்டா மேலங்கியில துடைச்சுட்டுத் தொடை வெட்டப் போயிடுவேன்."

"நாப்பது நாளும்?"

"நாப்பது நாளும். விரதம் கெடக்கூடாதுன்னு."

டாக்டர் சிரிக்கவில்லை. "கதவுல அறிவிப்பு ஒட்டறேன். ஆனா சனிக்கிழமை கோயில்ல மந்திரிக்கற ஈஸ்டர் சாப்பாட்டுக் கூடைக்குன்னு முன்னாடியே தொடை வாங்கி வெச்சவங்க இந்தப் பக்கம் வரமாட்டாங்க. அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது."

போகுமிலாவுக்குத் தெரியும். பதினோரு வீடு. சொன்னால் அந்தப் பதினோரு வீட்டிலும் இனி அவள் பெயர் வேறாகிவிடும். மறுபடி தட்டைப் பார்த்தாள். அந்தக் கை அசையாமல் வளர்ந்துகொண்டிருந்தது.

தொலைபேசியை எடுத்து முதலில் பங்குச் சாமியாரை அழைத்தாள்.

"சாமி, நான் கொடுத்த தொடையைத் தூக்கிப் போட்டுடுங்க."

"ஏம்மா, ஈஸ்டருக்கு முன்னாடியே நான் திருட்டுத்தனமாத் தின்னுடுவேன்னு பயமா?"

"இல்லைங்க சாமி. அதுல என் கை பட்டிருக்கு."

 அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, அடுத்த வீட்டு எண்ணைச் சுழற்றினாள்.