நாடி பார்க்கும் கடிகாரம்

டோனருக்குக் கை சும்மா இருக்காது. ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பது அவன் தொழில். மெஷினுக்குள் இருக்கும் டோனர் என்கிற கறுப்பு மைப்பொடி அவன் விரல் நுனியை விட்டு என்றைக்கும் போகாது என்பதால் அலுவலகங்களில் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் அது. வீட்டில் அவன் திறந்து பார்க்காத பொருள் கிடையாது. இஸ்திரிப் பெட்டி, அழைப்பு மணி, குளியலறைக் குழாய் எதுவும் தப்பவில்லை. திறந்ததில் பாதி திரும்பவும் ஓடின. மீதியைப் பற்றி அந்த வீட்டில் பேசுவதில்லை.

தப்பித்திருந்தது ஒன்றே ஒன்று, அவன் மனைவியின் கடிகாரம். நர்ஸ்கள் நெஞ்சில் குத்திக்கொள்வார்களே, தலைகீழாகத் தொங்கும், குனிந்து பார்த்தால் நேராகத் தெரியும், அந்த மாதிரி. சாவி கொடுத்தால் ஓடுவது. அவள் நர்ஸ் படிப்பை முடித்தபோது அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. ஆஸ்பத்திரியில் அவள் வேலை பார்க்கும் குழந்தைகள் வார்டில் எல்லாவற்றுக்கும் மெஷின் வந்துவிட்டதால் இப்போது அந்தக் கடிகாரத்துக்கு ஒரே வேலைதான். தினமும் காலையில் அக்காவின் நாடியை எண்ணுவது.

அக்கா என்றால் டோனரின் அக்கா. அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, பெண் பார்த்துக் கல்யாணமும் செய்து வைத்தவள். இப்போது அவளுக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கிற வியாதி. அதற்கு ஒரு மாத்திரை. அந்த மாத்திரையில் ஒரு வில்லங்கம் உண்டு. நாடி அறுபதுக்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது. இதயம் இன்னும் மந்தமாகி நின்றே போகலாம். அறுபதுக்கு மேலே இருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கட்டுக்கடங்காமல் ஓடும். துடிப்பில் ஒழுங்கே இல்லாததால் வீட்டு பி.பி. மெஷின் கண்டபடி எண் காட்டியது. ஆகவே மனைவி விரலை வைத்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணுவாள். கடிகாரம் அக்காவின் கட்டில் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கும். அதில் மணி என்ன காட்டுகிறது என்று யாரும் பார்த்ததில்லை. விநாடி முள் மட்டும் போதும்.

"வீட்டுல எதை வேணாலும் பிரிச்சுப் போடுங்க. இதை மட்டும் தொடாதீங்க" என்று மனைவி எப்போதோ சொல்லியிருந்தாள். சொல்லாமல் இருந்திருந்தால் அவனுக்கு ஞாபகமே வந்திருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு டியூட்டி. அக்கா மதியத் தூக்கத்தில் இருந்தாள். டோனர் பூனை மாதிரிப் போய்க் கடிகாரத்தை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாள் விரித்து உட்கார்ந்தான். பின்மூடி கத்தி முனைக்கு லேசாக விட்டுக்கொடுத்தது. உள்ளே பார்த்தவன் அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டான். பல் வைத்த சக்கரங்கள், சிவப்புக் கல் பொட்டுகள், நடுவில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்த ஒரு சக்கரம், அதன் மேல் தலைமுடியை விட மெல்லிய ஒரு சுருள். விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, உயிருள்ளது மூச்சு விடுவது போலவே இருந்தது. ஜெராக்ஸ் மெஷினெல்லாம் இதற்கு முன்னால் வெறும் தகரம் என்று நினைத்தான். சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு அவன் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை.

ஒரு திருகு தளர்ந்திருந்த மாதிரிப் பட்டது. சட்டைப் பையிலிருந்து தன் செல்லப்பிள்ளையை எடுத்தான். காந்த முனை வைத்த ஸ்குரூடிரைவர். மெஷினுக்குள் திருகு விழுந்தால் அரை நாள் போய்விடும் என்பதால் அவன் தொழிலில் இருப்பவர்கள் அது இல்லாமல் படியேற மாட்டார்கள். திருகு தானாகவே தாவி முனையில் ஒட்டிக்கொள்ளும். அதை வைத்து அந்தத் திருகை இறுக்கினான், பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டையும் இறுக்கினான், மூடியை அழுத்தி மூடினான். காதில் வைத்துக் கேட்டான். முன்னைவிடச் சுறுசுறுப்பாக ஓடுகிற மாதிரி இருந்தது.

"இப்பத்தான் இதுக்கு உயிரே வந்திருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்தான்.

மறுநாள் காலை மனைவி அக்காவின் கையைப் பிடித்து எண்ணினாள். எண்ணி முடித்தவள் கையை விடவில்லை. மறுபடியும் எண்ணினாள்.

"என்னாச்சு?" என்றாள் அக்கா.

"அம்பத்தி மூணுதான் வருது அண்ணி. இன்னிக்கு மாத்திரை வேண்டாம்."

அடுத்த நாளும் அதே கதை. மனைவி தன் ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். அனுபவமுள்ள நர்ஸ் சொல்கிறாள் என்பதால் டாக்டரம்மா மறுபேச்சு பேசவில்லை. ஒரு வாரத்துக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு நாடியைப் பார்த்துக்கொண்டே வரச் சொன்னார். நாடியும் நாளுக்கு நாள் கூடியது. அறுபதைத் தாண்டியது, எழுபதைத் தொட்டது. மனைவிக்கு நிம்மதி. டாக்டரம்மா சொன்ன வாரம் முடிந்ததும் மாத்திரையைத் தொடங்கலாம் என்று இருந்தாள். ஆனால் அக்காவின் கால் வீங்கத் தொடங்கியது. குளியலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாடி நல்லாத்தான் இருக்கு. ஏன் இப்படி மூச்சு வாங்குதுன்னு புரியல" என்று மனைவி டோனரிடம் சொன்னாள். அவள் முகம் வாடியிருந்தது. எண்ணும்போது புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, முன்னைவிட அழுத்திப் பிடித்து எண்ணினாள்.

அவள் வேலைக்குப் போனதும் அக்கா தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"நர்ஸம்மாவுக்கு என் மேல என்ன கோவம் தம்பி?"

"கோவமா? யாருக்கு?"

"மாத்திரைய நிறுத்திட்டாளே. அது இல்லாம நான் தாங்க மாட்டேன்னு அவளுக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குறவ."

டோனர் சிரித்து மழுப்பினான். ஆனாலும் அந்தப் பேச்சு உள்ளே தங்கிவிட்டது. ஒரு சண்டையின்போது மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. "உங்க அக்கா இருக்கிற வரைக்கும் நான் இந்த வீட்டுல விருந்தாளிதான்." கோபத்தில் யாரும் சொல்வதுதான். அப்போது அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அது தானாக எழுந்து வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு மனைவி அக்காவின் அறைக்குப் போகும்போதெல்லாம் அவன் கண் பின்னாலேயே போனது. தண்ணீர் டம்ளரை எடுத்தால் பார்த்தான். மாத்திரை டப்பாவைத் தள்ளி வைத்தால் பார்த்தான். கூட வாழ்கிறவளைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறோமே என்று கொஞ்சம் கூசியது. பார்ப்பதை மட்டும் விடவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மனைவி எண்ணிவிட்டு, "எழுபத்தி நாலு. அருமையா இருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். டோனர் வேலைக்குப் போகிற மாதிரி வாசல் வரை போய்விட்டுத் திரும்பினான். அக்கா தலையணைகளை அடுக்கி வைத்துக்கொண்டு அதில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பூத்திருந்தது. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இன்னொரு கையில் செல்போனை வைத்துக்கொண்டு அதில் விநாடி ஓடுவதைப் பார்த்து எண்ணினான். துடிப்பு விரலுக்கடியில் முட்டி மோதிக்கொண்டு வந்தது. எழுபத்து நான்கு எப்போதோ கடந்து போனது. நூறையும் தாண்டிய பிறகுதான் நிமிடம் முடிந்தது.

அவனுக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்றே நினைத்தான். அக்காவின் பக்கத்தில் நின்றபடியே மனைவிக்குப் போன் போட்டான்.

"பொய் சொல்லிப் பொய் சொல்லி எங்க அக்காவைக் கொன்னுட்டு இருக்கியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

மறுமுனையில் குழந்தைகள் அழும் சத்தம் கேட்டது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. இங்கயே கொண்டு வாங்க. நான் வாசல்ல நிக்கிறேன்" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீயே எண்ணிப் பாத்துட்ட இல்ல? இனிமே அவளை என் கிட்ட விடாத தம்பி."

"விட மாட்டேன்."

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தபோதுதான் அவன் ஆணியிலிருந்து கடிகாரத்தை எடுத்தான். டாக்டரம்மாவிடம் காட்டி அவள் பொய்யை உடைக்க வேண்டும் என்று எண்ணம். சாவி கொடுத்து, செல்போனுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் பார்த்தான். கடிகாரத்தின் விநாடி முள் தபதபவென்று ஓடி ஒரு சுற்றை முடித்துவிட்டது. செல்போனில் நிமிடம் முடிய இன்னும் மூன்றில் ஒரு பங்கு பாக்கி இருந்தது.

மறுபடியும் பார்த்தான். அதேதான். கத்தியை எடுத்து மூடியைத் திறந்தான். அன்றைக்கு அழகாக மூச்சு விட்ட சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாதி அளவுக்குச் சுருங்கி, வலிப்பு வந்த மாதிரி வெட்டி வெட்டி ஆடின. பையிலிருந்த ஸ்குரூடிரைவரை எடுத்துப் பக்கத்தில் கொண்டு போனான். சுருள் முழுதும் அதை நோக்கிச் சாய்ந்தது. எடுத்தால் நிமிர்ந்தது. அவனுடைய காந்தம்தான் சுருளில் ஏறி முள்ளை வேகமாக ஓட விட்டிருக்கிறது. அவள் ஒழுங்காகத்தான் எண்ணியிருக்கிறாள். நிமிடம்தான் நிமிடமாக இல்லை.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அக்காவை உள்ளே கொண்டுபோய் மெஷினில் மாட்டினார்கள். டாக்டரம்மா வெளியே வந்தபோது மனைவி முன்னால் நின்றாள். டோனர் அவளுக்குப் பின்னால் நின்றான். கடிகாரம் அவன் பேன்ட் பையில் இருந்தது.

"ரொம்ப வேகமா ஓடுது. வேகத்தைக் குறைக்க ஊசி போடணும். ஆனா திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் அம்பத்தி மூணுன்னு சொன்னீங்க. தானாவே மந்தமாகிற இதயத்துக்கு இதைப் போட்டா சட்டுனு நின்னு போயிடலாம். அந்த எண்ணிக்கை நிச்சயமா?"

"முழு நிமிஷம் எண்ணினேன் டாக்டர். ரெண்டு தடவை எண்ணினேன்."

"நீங்க எண்ணினா தப்பா இருக்காது. அதான் யோசிக்கிறேன். பெரிய டாக்டரைக் கேட்டுட்டு வர்றேன்."

இப்போது சொல்ல வேண்டும். டோனருக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியம். ஆனால் கொலைகாரி என்று கத்தின வாயால் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. சுற்றிலும் அவளுடைய தோழிகள் நின்றார்கள். டாக்டரம்மா போய்விட்டார். வந்ததும் சொல்லிவிடலாம் என்று அவன் தனக்கே தவணை கொடுத்துக்கொண்டான். வெட்கத்துக்காக அக்காவின் உயிரை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பது புரிந்தும் நின்றான்.

மனைவி திரும்பினாள். அவன் போனில் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என் கைதான் தப்புப் பண்ணியிருக்கணும். கடிகாரத்தைக் கொண்டு வந்தீங்களா? அந்த மெஷினைப் பாத்துக்கிட்டே இன்னொரு தடவை எண்ணிப் பாக்குறேன்."

அவன் எடுத்துக் கொடுத்தான். வழக்கம் போல அவள் சாவி கொடுத்தாள். தற்செயலாக நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கையிலிருப்பதைப் பார்த்தாள். மறுபடியும் சுவரைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைத் திருப்பினாள். பின்மூடியில் கத்தி கீறிய புதுத் தடம். அதன் பக்கத்தில் மைப்பொடியில் பதிந்த கட்டைவிரல் ரேகை.

"எப்ப திறந்தீங்க?"

"போன ஞாயித்துக்கிழமை."

அவள் முகத்தில் கோபம் வரும் என்று அவன் எதிர்பார்த்தான். வரவில்லை.

"டாக்டர் கேட்டப்ப நீ எங்க நின்ன?"

"உன் பின்னாடிதான்."

அவள் ஓடினாள். டாக்டரம்மாவைப் பாதி வழியில் மறித்து, கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொல்லி, இருவரும் அவசரமாக அக்கா இருந்த அறைக்குள் நுழைந்தார்கள். கதவிலிருந்த கண்ணாடி வழியாக டோனர் பார்த்தான். ஊசி மருந்து தயாரானது. மனைவி அக்காவின் கையைப் பிடிக்கப் போனாள். அக்கா கையை வெடுக்கென்று இழுத்துப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டாள். ஆக்சிஜன் முகமூடிக்குள் அவள் வாய் அசைந்தது. டாக்டரம்மா குனிந்து என்னவோ சொன்னார். அக்கா தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள்.

அவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"கையைக் குடு அக்கா. அவ ஒண்ணும் பண்ணல. நான்தான். கடிகாரத்தைக் கெடுத்தது நான்தான்."

அக்கா அவனைப் பார்த்தாள். பெண்டாட்டிக்காகப் பொய் சொல்கிற தம்பியைப் பார்க்கிற பார்வை அது. கை போர்வைக்குள்ளேயே இருந்தது.