முதல் பெயர் இல்லாத வரி

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. உங்களுக்கென்று ஒரு கதை வைத்திருக்கிறேன். முழுக்க என் கற்பனை இல்லை. மஸ்கெலியா பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனுஷிகா பாதி சொன்னது.

1

மலைமுகட்டில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு—

வேண்டாம். பனி எல்லாக் கதையிலும் இறங்குகிறது. இப்படித் தொடங்குகிறேன்: தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குத் தனுஷிகா ஒரு வலைப்பக்கம் செய்தாள். தேர் நின்று போகும் ஆறு லயங்களின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், பெயரும் அதில் வரவேண்டும்.

"எங்க லயம் பின்னுக்கா? அப்ப வடத்துல கை வைக்க மாட்டோம்," என்றார் ஒரு லயத்துப் பேச்சியம்மா. மற்ற ஐந்து லயமும் அதையே சொன்னது.

தனுஷிகா ஆறு பெயரையும் ஒரே வரியாக்கி, எழுத்தைத் திரையில் ஓடவிடும் மார்க்யூ என்ற பழைய எச்டிஎம்எல் டேக்குக்குள் வைத்தாள். வரி நிற்காமல் ஓடியது.

"இப்பச் சொல்லுங்க பெரியம்மா, எது முதல்?"

"நான் பார்க்கயில எங்க லயம்தான் வந்துச்சு. அடி கள்ளி!"

தேர் நகர்ந்தது.

2

அந்தப் பக்கத்தைத்தான் ஹட்டனில், இணையத்தளம் செய்யும் அலுவலகமொன்றின் நேர்முகத்தில் காட்டினாள். வேலை கிடைத்தால் வீட்டோடு இருக்கலாம், இல்லையென்றால் கொழும்புதான்.

(கேள்வி கேட்ட நிரஞ்சனை முதலில் கடுகடுவென்று எழுதி, அடித்துவிட்டேன். பால் கலக்காத பிளேன்டீ கொடுத்தாராம்.)

"தங்கச்சி, இந்த டேக் செத்துப்போச்சு."

"செத்தது எப்படிங்க சார் ஓடுது?"

"பிரவுசர் பாவம் பார்த்து ஓட்டுது."

"பாவம் இல்லீங்க. இணையத் தர விதியிலயே இருக்கு. எழுதுறவங்க இத எழுதக்கூடாதுன்னு ஒரு இடத்துல. வந்தா இப்படித்தான் ஓட்டணும்னு பிரவுசருக்கு இன்னொரு இடத்துல."*

* இங்கே என் பேனா நின்றது. எழுதுகிறவளுக்கு ஒரு விதி, வாசிக்கிறவருக்கு வேறு விதி! நான் பாதியில் விட்ட வரியையும் நீங்கள் ஓட்டிக்கொண்டுதானே வருகிறீர்கள்?

3

"விதிப்படியே ஓட்ட வழி இருக்கே?"

"செஞ்சு பார்த்தேன் சார். பேச்சியம்மா பெரியம்மாவோட பழைய போன்ல அசையாம நிக்குது. நின்னா ஒரு லயம் முதலாயிடும்."

"எங்க ஆபீஸ்ல விதி தப்பின பக்கம் வெளிய போகாது. இத எடுத்துட்டா நாளைக்கே வேலைக்கு வாங்க."

"உங்க ஆபீஸ் வேலைய விதிப்படியே செய்வேன். இது எங்க ஆளுகளுக்கு. எடுக்க மாட்டேன் சார்."

"யோசிச்சு உங்க போனுக்குக் கோல் எடுக்கிறேன்," என்றார் நிரஞ்சன்.

பஸ்ஸில் இதுவரை சொன்னபோது அவள் போன் அடித்தது. "ஹலோ, நிரஞ்சன் சார்—" அவளுடைய தோட்டமும் வந்துவிட்டது. பேசிக்கொண்டே இறங்கிவிட்டாள்.

4

வேலை கிடைத்ததாக ஒரு முடிவு எழுதினேன். கொழும்பு பஸ் ஏறியதாக இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன். எங்கே இருந்தாலும் அந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்வாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. போனில் என்ன சொல்வது என்பதை, நிரஞ்சனின் நாற்காலியில் உட்கார்ந்து நீங்களே முடிவுசெய்யுங்கள்.

வேலை தேடிப் போன உங்கள் வீட்டுப் பிள்ளைகள், மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த வாயோடும் நல்ல சேதியோடும் வாசல் வந்து சேரட்டும்.