மூன்று புள்ளிகளுக்கு அப்பால்

கார்காலம் கழிந்தும் மழை கழியவில்லை. தன் துயரைச் சொல்லி மாளாதவர் போல வானம் விட்டும் தொட்டும் பெய்துகொண்டிருந்தது. கூதிர்க்காற்று கதவிடுக்கில் புகுந்து முனகிற்று. உலராத துணிகள் அறைகளுக்குள்ளேயே கொடியில் தொங்கின. வெளியே ஓடியாட வேண்டிய பிள்ளைகள் அடுக்களைக்கும் குளியலறைக்கும் இடையே அலைந்தனர். தெருநீர் எதிர்த்து ஏறியதால் வீடுதோறும் குழாய்கள் அடைத்துக்கொள்ள, அடைப்பெடுக்கும் ஆசிட் புட்டிகள் மேல்தட்டிலிருந்து தரைக்கு இறங்கின. மழையைத் தெய்வமென்று வாழ்த்திய நாவும், போதும் தாயே என்று மன்றாடும் பருவம் அது.

அத்தகைய ஒரு முற்பகலில், குழந்தைகள் மருத்துவமனையின் மேல்மாடி அறையில் இருவர் ஒரு திரையின் முன் அமர்ந்திருந்தனர். ஒருவர் அம்மருத்துவமனையின் இணையதளத்துக்குக் கட்டுரை எழுதும் பெண்மணி. பழம்பாட்டில் ஊறியவர்; நீண்ட வாக்கியம் எழுதாவிட்டால் அவருக்கு அன்று உண்டது செரிக்காது. அலுவலகம் அவரைப் ‘புலவரம்மா’ என்றது. மற்றவர் அக்கட்டுரைகளைத் தேடுபொறியில் மேலே ஏற்றும் பணியாளர். முன்வழுக்கை விழுந்தவர், எந்நேரமும் முதலிடம், முதலிடம் என்றே பேசுவதால் ‘முதலிடத்தார்’ என்று பெயர் பெற்றவர்.

இருவருக்கும் சொல்லில்தான் தீராத வழக்கு.

“அமிலம்னு எழுதினா யாரு தேடுவா, புலவரம்மா? கையும் காலும் உதறும்போது ‘ஆசிட்’னுதான் அடிப்பாங்க.”

“சரி, ஆசிட்னே வெச்சுக்குங்க. என் கல்லறையில மட்டும் அமிலம்னு எழுதிடுங்க.”

“அதையும் யாரும் தேட மாட்டாங்க.”

இப்படிச் சிரித்துச் சிரித்து உருவானதே அந்தக் கட்டுரை. தலைப்பில், தவிக்கும் தாய் தட்டச்சு செய்யும் கேள்வியை அப்படியே வைத்தார்கள்: ‘குழந்தை ஆசிட் குடித்தால் என்ன செய்வது?’ கேள்விக்குக் கீழே முதல் வாக்கியத்திலேயே விடை நிற்க வேண்டும், அப்போதுதான் தேடுபொறி அதை எடுத்துப் பெட்டி கட்டி உச்சியில் காட்டும் என்றார் முதலிடத்தார். புலவரம்மா அவ்வாக்கியத்தைச் சிற்பம்போலச் செதுக்கினார். மருத்துவரும் படித்து, சரி என்று ஒப்பமிட்டார்.

இன்று அது ஏறிவிட்டது.

“பாருங்க, பாருங்க! முதலிடம்! பெட்டியே குடுத்துட்டான்!” முதலிடத்தார் நாற்காலியைச் சுழற்றினார். “உங்க வாக்கியத்தை உலகமே படிக்குது.”

புலவரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். பெட்டிக்குள் தடித்த எழுத்தில் நின்றது அவருடைய வாக்கியம்:

‘குழந்தை ஆசிட் குடித்துவிட்டால், உடனே தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்கவைத்து, உப்புக் கரைத்த நீரைப் புகட்டி, வயிற்றைத் தூய்மைப்படுத்த…’

அவ்வளவுதான். அதன்பின் மூன்று புள்ளிகள்.

அவர் எழுதியதோ, ‘வயிற்றைத் தூய்மைப்படுத்த முயல்வது எக்காரணம் கொண்டும் கூடாது’ என்பது. தமிழில் வினை இறுதியில் வந்தன்றோ பொருளை முடிக்கும்! பெட்டியின் அளவுக்கு அறுத்த இயந்திரம், ‘கூடாது’ என்ற உயிரை வெளியே தள்ளிவிட்டு உடலை மட்டும் முடிசூட்டியிருந்தது. ஆய்தத்துக்கும் புள்ளி மூன்றுதான். ஆனால் அவருக்குத் தெரிந்த எந்த ஆய்தமும் இப்படிக் கொலைக்கருவியாகி நின்றதில்லை.

அவர் திரையை விரலால் தட்டினார். “அதை எடுங்க.”

“எதை?”

“அந்த வாக்கியத்தை. இப்பவே.”

“ஏங்க, அதாலதானே ஏறியிருக்கு! தொட்டா இறங்கி…” என்று தொடங்கியவர், பெட்டியை மறுபடி படித்தார். “ஐயோ” என்றார், மெல்ல.

ஆசிட் உள்ளே போகும்போது ஒரு முறை சுடும். வாந்தியாய்த் திரும்பும்போது மறுமுறை சுடும். சின்னஞ்சிறு தொண்டை அவ்விரண்டாம் தீயைத் தாங்காது. இருவரும் அறிந்ததே.

புலவரம்மா புதிய வரியை அடித்தார்: ‘வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.’ பக்கம் மாறியது. ஆனால் தேடிப் பார்த்தால் பெட்டி மாறவில்லை.

“நம்ம பக்கத்துல மாத்தியாச்சு. தேடுபொறி மறுபடி வந்து படிச்சாத்தான் அங்க மாறும். வான்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

“எப்ப வரும்?”

“அது அதோட இஷ்டம்.”

“மழை மாதிரியா?”

முதலிடத்தார் மறுபடி தேடிப் பார்த்தார். அப்போதுதான் மேசைமேல் புலவரம்மாவின் கைப்பேசி அதிர்ந்தது. தங்கை அனுப்பிய செய்தி.

‘அக்கா பாப்பா குழாய் ஆசிட்டை வாய்ல வெச்சுட்டா. தேடினேன் உன் பக்கம்தான் முதல்ல வந்துச்சு. அதுல இருக்கிற மாதிரியே பண்ணிட்டு அங்கதான் வர்றோம்.’

அழைத்தார், எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தார், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. செருப்பைத் தேடவும் தோன்றாமல் படிகளில் இறங்கினார். கைப்பிடிச் சுவர் ஈரமாய் வழுக்கிற்று. ‘அதுல இருக்கிற மாதிரியே’ என்ற சொல் ஒவ்வொரு படியிலும் அவரை முந்திக்கொண்டு இறங்கியது. எதில் இருக்கிற மாதிரி? பெட்டியில் இருப்பதா, பக்கத்தில் இருப்பதா?

அவசரப் பிரிவின் வாயிலில் மழை திரையிட்டிருந்தது. வரும் வண்டி ஒவ்வொன்றின் விளக்கும் அவர் நெஞ்சில் ஏறி இறங்கிற்று. தாய் அழைப்பதைக் கேட்டு, தன்னை ‘அக்கா’ என்றே அழைத்துப் பழகிய மழலை. பெரியம்மா என்று திருத்தினால் கைகொட்டிச் சிரிக்கும் வாய். அந்த வாய்க்குள் விரல் போயிருக்குமோ? தாம் எழுதிய வரியே அவ்விரலைச் செலுத்தியிருக்குமோ? பாடம் செய்த பாடல்களில் ஒன்றும் நாவுக்கு வரவில்லை. ‘அப்பனே’ என்ற ஒற்றைச் சொல்லே வந்தது.

வண்டி வந்து நின்றது. தங்கை நனைந்த குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். பின்னால் அவள் கணவர், புட்டியைக் கையில் ஏந்தியபடி. குழந்தையின் கீழுதடு வெந்து வெளுத்திருந்தது. மருத்துவர் கைநீட்டி வாங்கிக்கொண்டார்.

“வாந்தி எடுத்தாளா?”

புலவரம்மா தங்கையின் வாயையே பார்த்தார்.

“இல்ல டாக்டர். எடுக்க வெக்கல. வாயை மட்டும் கழுவினோம்.”

கதவு அசைந்து மூடியது. புலவரம்மா சுவரைப் பற்றிக்கொண்டு தரையிலேயே அமர்ந்துவிட்டார்.

“என்னடி பண்ணே? பெட்டியில வேற மாதிரி இருந்துச்சேடி!”

“இருந்துச்சு. இவரு விரலைக் கொண்டுபோயிட்டாரு. நான்தான் கையைத் தட்டிவிட்டேன்.” தங்கை அழுகைக்கு நடுவே மூக்கை உறிஞ்சினாள். “அக்கா இன்னும் முடிக்கலங்கன்னு சொன்னேன்.”

“என்னது?”

“உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? சின்ன வயசிலேயே, ‘பக்கத்து வீட்டுக்குப் போய் மாவு வாங்கிட்டு வந்து, தண்ணி ஊத்திக் கரைச்சு’ன்னு இழுத்து, நான் வாசலைத் தாண்டினப்புறம் ‘வேண்டாம்’னு முடிப்பே. கடைசிப் பெட்டி வர்ற வரைக்கும் உன் ரயிலை நம்பக் கூடாது. அதான் பக்கத்துக்குள்ள போய்ப் பாத்தேன். ‘வைக்காதீங்க’ன்னு தெளிவா இருந்துச்சு.”

தங்கை கணவர் தம் வலக்கையைத் தாமே வெறித்துக்கொண்டிருந்தார். “தட்டலைன்னா போட்டிருப்பேன், அண்ணி” என்றார். அவர் குரலில் உயிரில்லை.

நெடுநேரத்துக்குப் பின் மருத்துவர் வெளியே வந்தார். உதடும் நாவும் வெந்திருக்கின்றன, தொண்டைக்குள் இறங்கவில்லை, சில நாள் இங்கேயே வைத்துப் பார்ப்போம் என்றார். தங்கை அக்காளின் தோளில் முகம் புதைத்து விம்மினாள்.

புலவரம்மாவுக்கோ அச்சம் பாதிதான் தணிந்தது. தன் தங்கைக்குத் தன்னைத் தெரியும்; மற்றத் தாயர்க்குத் தன்னை எப்படித் தெரியும்? இந்த மழையில், இதே கணத்தில், எந்த வீட்டின் குளியலறையில் எவள் அந்த மூன்று புள்ளிகளின்முன் நிற்கிறாளோ! அவள் கணவனின் கையைத் தட்டிவிட யார் இருக்கிறார்கள்?

மாடியேறினார். முதலிடத்தார் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்காமல் திரைமுன் அமர்ந்திருந்தார். “பாப்பா?”

“பிழைச்சா. தேடுபொறி வந்துச்சா?”

“இன்னும் வரல.”

இருவரும் காத்திருந்தனர். முதலிடத்தார் தேடுவதும், பழைய பெட்டியே வருவதும், மறுபடி தேடுவதுமாய்ப் பொழுது சாய்ந்தது. ஒவ்வொரு முறையும் அம்மூன்று புள்ளிகள் முளைக்கக் கண்டு புலவரம்மா கண்ணை மூடித் திறந்தார். சன்னலில் வெளிச்சம் மங்கும் வேளையில் முதலிடத்தார் நிமிர்ந்தார்.

“வந்துட்டான்.”

‘வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.’ அவர்கள் தலைப்புக்குக் கீழே, தொடக்கத்திலேயே அது நின்றது. இயந்திரம் அறுப்பதற்கு முன்பே உயிரோடு முடிந்துவிடும் குறுவாக்கியம்.

“பெட்டி போச்சு. மூணாவது இடத்துக்கு இறங்கிட்டோம்” என்றார் முதலிடத்தார். பிறகு, தம் வாழ்நாளில் முதன்முறையாக, “இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

புலவரம்மா வெறுங்காலுடன் எழுந்து நின்றார். முகத்தையும் கையையும் நீரால் கழுவிக்கொண்டு வந்தார். திரைமுன் கைகூப்பி, பதிகம் ஓதுவார்போல அந்தச் சிறுவரியை முதலிலிருந்து கடைசிவரை, ஒவ்வொரு சொல்லாய், வாய்விட்டு ஒருமுறை சொன்னார். தலை தாழ்ந்தது.

எவ்வீட்டு மழலையும் நோவின்றி வளர்க. தேடும் தாயின் கண்ணுக்குக் காக்கும் சொல் முந்துக. முடியாத வாக்கியங்கள் யாவும் அருளால் நன்றாய் முடிக.