அவைத்தலைவர் இல்லாத வகுப்பு

மொன்றியல் வாழ் தமிழ்ப் பெருமக்கள் அனைவருக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: எதிர்வரும் டிசம்பர் பதினோராம் திகதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி பதினைந்து நிமிடத்துக்கு, லாசாலில் உள்ள பள்ளி ஒன்றின் இரண்டாம் மாடியில், 214ஆம் இலக்க அறையில், செல்வி சாருஜா இரவிச்சந்திரன் அவர்கள் ஸ்பானிய மொழியில் மூன்று நிமிடங்கள் உரையாற்றுவார்.

இந்த அறிவித்தல் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. சாருஜாவின் தகப்பன் இரவிச்சந்திரனின் வாயால் வந்தது. தமிழ்க்கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னார். கோயில் வாசலில் குனிந்து சப்பாத்துத் தேடிக்கொண்டிருந்தவர்களிடம், அவர்கள் நிமிரும்வரை காத்திருந்து சொன்னார். அவர் லாசால் தமிழர் கலை பண்பாட்டு ஒன்றியத்தின் உபதலைவர். அந்த ஒன்றியத்தில் பதவி இல்லாத உறுப்பினர்கள் இரண்டே பேர். அவர்களையும் ஆலோசகர்களாக்குவதாகப் பேச்சு நடக்கிறது. கிழமை நாட்களில் மொன்றியல் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அங்கே அவரை யாரும் உரையாற்ற அழைப்பதில்லை.

உண்மையில் நடக்கவிருந்தது உரையல்ல, சோதனை. ஸ்பானிஷ் படிப்பிக்கும் எலிசா, கொலம்பியாக்காரி, புரோசார்டிலிருந்து தினமும் பாலம் கடந்து வருகிறவர். ஒவ்வொரு பிள்ளையோடும் மூன்று நிமிடம் கதைப்பார். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். பெயர் என்ன, வீட்டில் யார் யார், நேற்று என்ன சாப்பிட்டாய், அவ்வளவுதான். பாடமாக்கி ஒப்புவித்தால் புள்ளி இல்லை. நூற்றுக்கு அறுபது எடுக்காதவர்கள் தைப்பொங்கலுக்கு முன்பே அந்த வகுப்பை விட்டுப் போய், அதே நேரத்தில் நடக்கும் பிரெஞ்சு மீட்டல் வகுப்பில் உட்கார வேண்டும்.

சாருஜாவுக்குப் பதின்மூன்று வயது. தாயோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டரை வருடம். பிரெஞ்சு வகுப்பில் அவள் ஒரு வசனம் தொடங்கினால் அதை முடித்துவைக்க முன்வரிசையில் நாலு பேர் தயாராக இருப்பார்கள். ஸ்பானிஷ் வகுப்பில் அப்படி இல்லை. பக்கத்து வாங்கில் இருக்கும் ஃபெலிக்ஸின் பாட்டன் பூட்டன் எல்லாம் கியூபெக்கில் பிறந்தவர்கள். மூன்று மாதமாகியும் அவன் 'ஓலா' என்பதற்குப் பதிலாக 'பொன்ஜூர்' என்கிறான். அவளுக்கு அந்த அறையைப் பிடித்திருந்தது. அங்கே ஒருவருக்கும் மொழி தெரியாது.

எழுத்தில் அவளுக்குத் தொண்ணூறுக்கு மேல். வாயைத் திறந்தால்தான் ஒன்றும் வராது. ஒக்டோபரில் நடந்த முதல் வாய்மொழிச் சோதனையில் முப்பத்தெட்டு.

இந்த விபரத்தை அவள் வீட்டில் சொன்னபோது இரவிச்சந்திரன் வரவேற்பறைச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அங்கே அவர் சிறுவயதில் எடுத்த 'வட்டார மட்டப் பேச்சுப் போட்டி, மூன்றாம் இடம்' என்ற சான்றிதழ் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கியது.

"பிள்ளை, உனக்குப் பேசத் தெரியாட்டி என்ரை மரியாதை என்னாகிறது? நான் எழுதித் தாறன்."

"அப்பா, இது பேச்சுப் போட்டி இல்லை. சும்மா கதைக்கிறது."

"சும்மா கதைக்கிறதுக்கு ஆரும் மார்க்ஸ் குடுப்பினமோ?"

"இஞ்சை குடுப்பினம்."

"அப்ப உன்ரை கொம்மாவுக்கு இவ்வளவுக்கும் டொக்டர் பட்டம் குடுத்திருக்க வேணும்."

தாய் ஜெகதீஸ்வரி குசினிக்குள் நின்றாள். கார்தெறி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் எண்பது குழந்தைகளுக்குச் சமைத்துவிட்டு வந்து, இங்கே மூன்று பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தந்தா நான் வாங்குவன். நீங்கள் முதல் உந்தக் கத்தரிக்காயை வெட்டித் தாங்கோ."

கத்தரிக்காய் வெட்டப்படவில்லை. உரை எழுதப்பட்டது. 'அவைத்தலைவர் அவர்களே, நீதி வழுவா நடுவர் பெருமக்களே, எனக்கு முன் பேசி அமர்ந்த, எனக்குப் பின் பேசவிருக்கின்ற சக போட்டியாளர்களே' என்று தொடங்கியது. வணக்கம் முடியவே நாற்பது விநாடி. அதன் பிறகு குடும்பம் என்பது ஓர் ஆலமரம். கைத்தொலைபேசி அதை ஒரு நொடியில் ஸ்பானிஷ் ஆக்கித் தந்தது. இரவிச்சந்திரன் அதை வேலைத்தலத்துக்குக் கொண்டுபோய் மெக்சிக்கோக்காரன் ரமோனிடம் காட்டினார். ரமோன் முழுவதையும் வாசித்தான். பிறகு தொப்பியைக் கழற்றி, செத்தது யார் என்று கேட்டான்.

"அவனுக்கு இலக்கியம் விளங்காது," என்றார் இரவிச்சந்திரன் வீட்டுக்கு வந்து.

அடுத்த மூன்று கிழமையும் பின்னேரங்களில் ஒத்திகை. நடுவராக மணிவாசகம் வந்தார். மணிவாசகம் தமிழ்நாட்டுக்காரர், ஓய்வுபெற்ற பொறியியல் பேராசிரியர், பாலங்கள் பற்றிப் புத்தகம் எழுதியவர். ஒன்றியம் எந்த விழா வைத்தாலும் முதல் பொன்னாடை அவருக்குத்தான். வீட்டில் இருபத்திரண்டு வைத்திருக்கிறார். அவர் சோபாவின் நடுவில் உட்கார்ந்து, ஒரு கையில் சில்வர் டம்ளரும் மறு கையில் கரண்டியுமாக நேரம் பார்த்தார். ஒரு தட்டு என்றால் ஒரு நிமிடம் மிச்சம். இரண்டு தட்டு என்றால் நிறுத்த வேண்டும்.

"நான் பார்சிலோனா கான்பரன்ஸ்ல மூணு நாள் இருந்திருக்கேன்மா. அக்சென்ட்தான் எல்லாம். அவங்க நாக்கை நல்லா உருட்டுவாங்க. எங்க, உருட்டு பார்ப்போம்."

சாருஜா உருட்டினாள்.

"இன்னும் உருட்டணும்."

"சேர், உங்கடை தேத்தண்ணி ஆறுது," என்றாள் ஜெகதீஸ்வரி. "அதைக் குடிச்சிட்டு உருட்டச் சொல்லுங்கோ. பிள்ளை இன்னும் சாப்பிடயில்லை."

"மரம் எண்டு சொல்லேக்கை கையை விரி," என்றார் இரவிச்சந்திரன். "வேர் எண்டால் கீழை காட்டு. கீழை. அது கீழையோ? அது முழங்கால்."

பாடமாக்கினால் புள்ளி இல்லை என்பது சாருஜாவுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு தரம் சொல்லியும் பார்த்தாள். ஆனால் வெறும் வாயோடு அந்த அறைக்குள் போக அவளுக்குப் பயம். பிழையான உரையாக இருந்தாலும் ஓர் உரை கைவசம் இருந்தது. அதோடு, வேலையால் வந்தால் சோபாவில் சாய்ந்து தூங்கிவிடுகிற மனிதர், மூன்று கிழமையாகத் தூங்காமல் அவள் முன்னால் நின்று ஆலமரமாகக் கையை விரித்துக் காட்டினார். அதை எப்படி நிறுத்துவது?

வியாழக்கிழமை வந்தது. வெளியே பனி கொட்டியது. ஃபெலிக்ஸ் போய் 'பொன்ஜூர்' சொல்லித் தொடங்கி, தன் நாய்க்குப் பதின்மூன்று வயது என்றும் தனக்கு இரண்டு வயது என்றும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான். அடுத்தது சாருஜா.

எலிசா மணிக்கூட்டை அழுத்தினார். "ஓலா, சாருஜா. இன்றைக்கு எப்படி இருக்கிறாய்?"

அவளுடைய தலைக்குள் ஒன்றுமே இருக்கவில்லை. நல்லாயிருக்கிறேன் என்பதற்கு ஒரு சொல் இருக்கிறது. நூறு தரம் எழுதியிருக்கிறாள். அது வரவில்லை. வலது கை மட்டும் தானாக உயர்ந்தது.

"அவைத்தலைவர் அவர்களே!" என்றாள் ஸ்பானிஷில், கணீரென்று. "நீதி வழுவா நடுவர் பெருமக்களே!"

பள்ளி அதிபர்தான் வந்துவிட்டாரோ என்று எலிசா வாசலைத் திரும்பிப் பார்த்தார். வகுப்பும் திரும்பிப் பார்த்தது. யாரும் இல்லை.

"எனக்கு முன் பேசி அமர்ந்த..."

"சாருஜா. நிற்பாட்டு." எலிசாவின் குரல் கடுமையாக இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "இது பாடமாக்கினது. இதுக்கு என்னால் புள்ளி போட ஏலாது. உனக்குத் தெரியும்தானே?"

தெரியும். பிரெஞ்சு மீட்டல் வகுப்பின் அறை எண்கூடத் தெரியும். கை இன்னும் மேலே நின்றது. அவள் அதை மெல்ல இறக்கினாள்.

"இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது," என்றார் எலிசா. "இதை யார் எழுதினது?"

"அப்பா."

"ஏன்?"

ஏன் என்ற கேள்விக்கு உரையில் பதில் இல்லை. சாருஜா சீலிங்கைப் பார்த்தாள். பிறகு, இருந்த சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைக்கத் தொடங்கினாள்.

"அப்பா... பேசுதல்... விருப்பம். நிறைய. நிறைய நிறைய. சின்னப் பையன் அப்பா, பேசுதல், நம்பர் மூன்று. பேப்பர் இருக்கு. சுவர்."

"ஓ! பரிசு! இப்போதும் பேசுவாரா?"

"இப்போ வேலை. பெரிய பெட்டிகள். கப்பல் பெட்டிகள்." அவள் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் காட்டினாள். "பெட்டிகள் கேட்காது."

வகுப்பு சிரித்தது. அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பது அவளுக்கு உடனே விளங்கியது. அது அவளுக்குப் புதிது.

"வீட்டில் ஒரு மனிதன்," என்று தானாகவே தொடர்ந்தாள். "தாத்தா இல்லை. மாமா இல்லை. பாலங்கள். அவனிடம் கரண்டி இருக்கு. டிங்! நான் வேகம். டிங் டிங்! நான் நிற்பாட்டு. அம்மா கோபம். சோறு குளிர்."

"உன் அப்பா இங்கே வருவது?" ஃபெலிக்ஸ் வாங்கிலிருந்து எழும்பிக் கேட்டான். யாரும் கேட்காமல் அவன் தானாகச் சொன்ன முதல் ஸ்பானிய வசனம் அதுதான். "பேசுவது? நாளைக்கு?"

"இல்லை!" சாருஜா இரண்டு கையையும் விரித்தாள். "தயவுசெய்து இல்லை! அவர் நாளைக்குத் தொடக்கம், திங்கட்கிழமை முடிவு!"

மணிக்கூடு எப்போதோ அடித்து ஓய்ந்திருந்தது. எலிசா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பா நல்லவரா என்று கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

சாருஜா கொஞ்சம் யோசித்தாள். "அப்பா களைப்பு," என்றாள். "ஆனால் மரம் செய்கிறார்."

அது யாருக்கும் விளங்கவில்லை. அவளும் விளக்கவில்லை.

புள்ளி அறுபத்து மூன்று. பக்கத்தில் எலிசா எழுதியிருந்தார்: 'எல்லா வசனமும் பிழை. தொடர்ந்து கதைக்கவும்.'

அன்று இரவிச்சந்திரன் வேலைக்குப் போகவில்லை. பின்னேரம் நாலு மணிக்குச் சாருஜா கதவைத் திறந்தபோது, நல்ல சேட் போட்டு, வாசலுக்கு நேரே கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாஸோ?"

"பாஸ். அறுபத்து மூண்டு."

"முழுக்கச் சொன்னியோ?"

"இல்லையப்பா. வணக்கத்திலையே ரீச்சர் நிப்பாட்டிப் போட்டா."

அவருடைய முகம் விழுந்தது. "ஆலமரம்?"

"ஆலமரம் வரயில்லை. மிச்ச நேரம் முழுக்க உங்களைப் பற்றித்தான் கதைச்சனான்."

இரவிச்சந்திரன் பேசாமல் இருந்தார். இது ஒன்றியத்தின் கூட்டங்களில் கூடக் காணக் கிடைக்காத காட்சி.

"என்னைப் பற்றியோ? ஸ்பானிஷிலையோ?"

"ஓம்."

"என்னெண்டு?"

"நீங்கள் பரிசு எடுத்தது. வேலை செய்யிறது. எல்லாரும் உங்களை வந்து பேசச் சொல்லிக் கேட்டவை."

"கேட்டவையோ?" கதிரையிலிருந்து எழும்பினார். "எப்ப வரட்டாம்?"

"அப்பா!"

"சும்மா கேட்டனான், விடன்."

அவர் உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தார். குரல் வரவேற்பறைவரை கேட்டது. "சேர், பிள்ளை வெண்டிட்டுது! நாப்பது விநாடியிலேயே நடுவர் எழும்பி, போதும் எண்டிட்டாவாம்!"

"நான் அப்பவே சொன்னேன்ல ரவி சார்," என்றார் மணிவாசகம் ஸ்பீக்கரில். "அக்சென்ட்!"

"ஒன்றியத்திலை ஒரு சின்னப் பாராட்டு விழா வைப்பமே?"

"கண்டிப்பா வைக்கணும். பொன்னாடை நான் கொண்டு வர்றேன், எங்கிட்ட இருக்கு."

"சாப்பாடு போட்டிருக்கு," என்றாள் ஜெகதீஸ்வரி. "வென்ற ஆக்களெல்லாம் வந்து சாப்பிடுங்கோ."

சாருஜா சாப்பிட உட்கார்ந்தாள். சோறு சூடாக இருந்தது.

அந்த வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள். இருபத்தேழு பேரும் பாஸ்.