அடுத்த தெருவில் குடம்

காலடிப்பேட்டையில் எங்கள் சந்துக்கு ஒரே கம்ப்யூட்டர் என்னுடையது. ஆறு மாத கோர்ஸ் முடித்த ஒரே ஆளும் நான்தான். அதனால் யார் வீட்டில் மிக்ஸி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் போய் நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு" என்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார் ரேஸ் கேம் காட்டுகிறேன் என்று சந்து முழுக்கச் சொல்லியிருந்தேன். அதற்குத் தனியாக கிராபிக்ஸ் கார்டு வேண்டும். ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடையொன்றில் சாமான் தூக்கும் என் தோஸ்து தீனாதான் வாங்கி வந்து கொடுத்தான். கார்டைச் சொருகி, ஸ்க்ரூவை முடுக்கி, ஆபரேஷன் முடித்த டாக்டர் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

ஃபேன் சுற்றியது. ஸ்பீக்கரில் விண்டோஸ் பாட்டுகூட வந்தது. மானிட்டர் மட்டும் கன்னங்கரேலென்று கிடந்தது.

கார்டைக் கழற்றி மாட்டினேன். ரப்பரால் தேய்த்து மாட்டினேன். மானிட்டர் தலையில் இரண்டு தட்டு தட்டினேன்.

"மதர்போர்டா?" என்றார் எதிர்வீட்டு அப்பாவு. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"கார்டு செத்துப்போச்சு," என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "இன்னா தீனா, நல்லதை நீ சுருட்டிக்கினு செத்ததை எனக்குத் தள்ளிட்டியா?"

"இன்னா மாமு இப்டி கேக்குற? சீலு பிரிச்சதே நீதான?"

"திருடனுக்கு சீலு ஒட்டத் தெரியாதா?"

சத்தமாகவே கேட்டேன். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மகன் வாங்கி வந்த சாமானைப் பார்க்க முன்னால் உட்கார்ந்திருந்த தீனாவின் அம்மா, மலிகாம்மா, மெதுவாக எழுந்தார். "வாடா, வூட்டுக்குப் போலாம்."

கார்டைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்துவிடலாம் என்று மேஜைக்குப் பின்னால் தலையை விட்டேன். மானிட்டர் ஒயர் பழைய இடத்திலேயே மாட்டியிருந்தது. புது கார்டின் வாய் காலியாக என்னைப் பார்த்தது. ஒயரைப் பிடுங்கி அதில் மாட்டினேன். மானிட்டரில் படம் வந்திருக்க வேண்டும், முன்னால் கைதட்டல்.

வெளியே வர மனசில்லை. அங்கே நல்ல இருட்டு, நிறைய தூசி, எனக்குப் பொருத்தமான இடம். 'லூஸ் கான்டாக்ட்' என்று சொன்னால் முடிந்தது, தீனாவே நம்பிவிடுவான். தலையைத் தூக்கினால், அவன் குனிந்து அம்மாவின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

"கார்டு நல்லாதான் கீது," என்றேன். "நான்தான் ஒயரை இதுல மாட்டாம வுட்டுட்டேன்."

"பாத்தியா!" என்றார் அப்பாவு. "எழிலன் கை வச்சதும் செத்த கார்டுக்கு உயிரு வந்துடுச்சு!"

"ஒயரு கதை வேணாம்," என்றார் மலிகாம்மா. "எம்புள்ள குடுத்தது நல்லதா, கெட்டதா?"

"தண்ணி லாரி அடுத்த தெருவுல வந்து நிக்குதும்மா. நான் இந்தத் தெருவுல குடத்தை வச்சிக்கினு, லாரிக்காரன் தண்ணியை வித்துட்டான்னு கத்திட்டேன்."

இது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"திருடன்னு சொன்னது வாசல் வரிக்கும் கேட்டுச்சு," என்றார் மலிகாம்மா. "இதையும் அதே சவுண்டுல சொல்லு."

ஜன்னலுக்குப் போனேன். "தீனா குடுத்தது நல்ல கார்டு! தப்பு என்னுது!" குரல் பாதியில் கீச்சென்றது. கேட்கவில்லை என்று வெளியே யாரோ சொன்னார்கள். மறுபடியும் சொன்னேன்.

மலிகாம்மா உட்கார்ந்தார். தீனா என் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கார் கிளம்பி நேராகச் சுவரில் மோதியது.

"பிரேக் எது, சொல்லு," என்றான்.

மாமு என்று சொல்லவில்லை. பிரேக்கைக் காட்டினேன்.